பதினொரு நிமிஷமும் ஒன்பதே முக்காலும்

இன்னும் ஒரு தடவை கேட்டுவிட்டால் தெரிந்துவிடும். என் டோக்கன் முப்பத்தெட்டு, இப்போது நெஞ்சு ஸ்கேன் எடுக்கிற எக்கோ ரூமுக்குள் போயிருப்பது முப்பத்தைந்து, ஒரு ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று வைத்தாலும் இரண்டையும் முழுசாகக் கேட்டுவிடலாம். ஒன்று பதினொரு நிமிஷம், கோயமுத்தூரில் காலேஜ் மேடையில் வாசித்தது, யாரோ போனில் எடுத்தது. இன்னொன்று ஒன்பதே முக்கால் நிமிஷம், சென்னையில் ஸ்டுடியோவில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ரெக்கார்டு செய்தது, செய்து இரண்டு வருஷம் கழித்துப் போன வாரம்தான் வெளியே வந்திருக்கிறது. இரண்டும் ஒரே பாட்டு, பேர் ‘சாயத்தண்ணி’. மேடைப் பாட்டில் டிரம்ஸ் அடிப்பது என் மகள் ஜீவிதா. ஸ்டுடியோப் பாட்டில் அடிப்பது யாரோ பெங்களூர்ப் பையன். அந்தப் பையன் வாசித்தது நன்றாக இருந்துவிட்டால் போதும். இவளுடையதைவிட நன்றாக இருக்க வேண்டாம், அதற்குக் கொஞ்சம் கிட்ட வந்தாலும் போதும், நான் இந்தப் பச்சை நாற்காலியிலிருந்து எழுந்து உள்ளே போய்ச் சட்டையைத் தளர்த்திப் படுத்து, அந்தக் குளிர்ந்த பசையை நெஞ்சில் தடவவிட்டு, வழக்கம்போல வீட்டுக்குப் போய்விடுவேன். ஜீவிதா கீழே போயிருக்கிறாள், போன தடவை ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுக்க. அவள் வருவதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இரண்டை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்குப் புதிசு இல்லை. ஏழாவதோடு படிப்பு நின்றது, பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்து டெய்லர் தைத்துத் தள்ளுவதை மடித்து மடித்துப் போட்டேன், அப்புறம் ஓவர்லாக், என் வீட்டுக்காரர் தவறின பிறகு வீட்டிலேயே மிஷின் போட்டுச் சில வருஷம், இப்போது பதினாறு வருஷமாகச் செக்கிங். இடது பக்கம் சாம்பிள் தொங்கும், சரக்கு வாங்குகிற பையர் கையெழுத்துப் போட்ட அட்டை அதில் கட்டியிருக்கும். வலது பக்கம் தைத்து வந்த பீஸ். கழுத்து, தோள், கை, பக்கவாட்டு, கீழ் மடிப்பு, எப்போதும் அதே வரிசை, வரிசை மாறினால் கண் ஏமாற்றும். தப்பு இருக்கிற இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியாகப் போட வேண்டும். நல்ல பீஸுக்கு ஒன்றும் ஒட்ட வேண்டாம். பதினாறு வருஷம் மற்றவர்கள் தப்பில் அம்பு ஒட்டினவள். பாட்டுக்கும் அப்படித்தான் செய்தேன், முந்தாநாள் ஜீவிதாவோடு பாடின பையன் ஆஸ்டின் போனில் இரண்டையும் அனுப்பினதிலிருந்து. கழுத்து என்றால் ஆரம்பம். தோள் என்றால் அந்தக் கத்தல் வருகிற இடம். கை என்றால் நடுவில் வருகிற அமைதி. கீழ் மடிப்பு முடிவு. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது, பஸ்ஸில், கம்பெனிக் கக்கூஸில் நின்றுகொண்டு, இதுவரை ஒன்பது தடவை. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு இடத்தில் கண் இடறுகிறது. காது என்று சொல்ல வேண்டும். எனக்கு எல்லாமே கண்தான்.

மேடைப் பாட்டை முதலில் போட்டேன். முதலில் பாட்டே இல்லை, ஆள் சத்தம். யாரோ இருமுகிறான். நாற்காலி இழுபடுகிறது. ஒரு பெண் “ஜீவீ” என்று இழுத்துக் கூப்பிடுகிறாள், ஜீவிதாவுக்கு இவ்வளவு பிரியமான சிநேகிதி ஒருத்தி இருந்திருக்கிறாள், யார் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்டதும் இல்லை. கிட்டார் கம்பி இரைகிறது, கம்பெனியில் டியூப்லைட் சோக் போகும் முன்னால் இரையுமே அப்படி. அப்புறம் திடீரென்று எல்லாம் சேர்ந்து விழும். முதல் தடவை கேட்டபோது செல்லைத் தட்டி ஆஃப் செய்துவிட்டேன், ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைத்து. ஆஸ்டின் பாடுகிறது பாட்டு மாதிரியே இருக்காது, அடித்தொண்டையிலிருந்து உறுமுகிறான், மூன்று வருஷம் முன்னால் வீட்டுக்குச் சாப்பிட வந்து மெதுவாக, “இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துங்க ஆன்ட்டி” என்று கேட்ட பையனா இது. உறுமலுக்குள் வார்த்தை இருக்கிறது என்பதே நாலாவது தடவைதான் தெரிந்தது. இன்னைக்கு என்ன நிறம், இன்னைக்கு என்ன நிறம். ஆற்றைத்தான் கேட்கிறான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆறு. ஜீவிதா சின்னவளாக இருந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையை எறிந்துவிட்டுப் பாலத்துக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்து, “இன்னைக்குக் கத்திரிப்பூ நிறம்மா” என்பாள், ஒரு நாள் மஞ்சள், ஒரு நாள் நெய்ச்சோறு மாதிரி வெளிறிப் போய். சாயப்பட்டறையில் என்ன ஆர்டர் ஓடுகிறதோ அந்த நிறம். நான் அது ஒரு விளையாட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“ஏனுங்க, உங்க போன்ல மிஷின் ஏதாவது ஓடுதுங்களா” என்கிறாள் பக்கத்து நாற்காலிக்காரி. முப்பத்தேழாம் டோக்கன் அவள் வீட்டுக்காரருக்கு. என் இயர்போனிலிருந்து சத்தம் வெளியே கசிகிறது போலிருக்கிறது.

“பாட்டுங்க.”

“பாட்டா. கொஞ்சம் குடுங்க பாக்கலாம்.” வாங்கிக் காதில் வைத்தாள், வைத்த வேகத்தில் எடுத்துவிட்டாள். “ஐயோ, யாரையோ அடிக்கறாங்க அம்மணி.”

“இல்லீங்க. பாடறாங்க.”

“உங்களுக்கு நெஞ்சு நோவுன்னுதானே வந்திருக்கறீங்க? இதக் கேட்டா வராதது கூட வந்துருமே.” அவள் வீட்டுக்காரர் சிரித்தார். “நீ பேசறத முப்பது வருஷமா கேட்டுத்தான் எனக்கு வந்துச்சு” என்றார். “வாய மூடிட்டு உக்காருங்க, எக்கோல அதும் தெரிஞ்சுரும்” என்றாள் அவள்.

நானும் சிரித்தேன். வராதது. அந்த அம்மாள் வாயில் எப்படி வந்தது பார். இயர்போனைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டேன், ஆனால் பாட்டு அதற்குள் ஓடிவிட்டது, விட்ட இடத்துக்குத் திருப்ப எனக்குச் சரியாக வராது, விரல் பட்டால் எங்கேயோ போய் நிற்கும். மறுபடி முதலிலிருந்து. இருமல், நாற்காலி, ஜீவீ. இப்போது ஆஸ்டின் மைக்கில் பேசுகிறான். இந்த இடத்தை நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பேன். “இந்தப் பாட்டோட கணக்கு நாங்க போட்டதில்ல. ஜீவி வீட்டு ஓவர்லாக் மிஷின்ல இருந்து திருடுனது. அவங்கம்மா கால் கணக்கு.” கூட்டம் சிரிக்கிறது. யாரோ விசில் அடிக்கிறான். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. வா வா என்று ஒரு வாரம் கூப்பிட்டாள், ஓவர்டைம் இருக்கிறது என்று சொன்னேன், ஓவர்டைம் இருக்கவில்லை, வீட்டில் உட்கார்ந்து அரிசி புடைத்தேன். பொட்டப்புள்ள மேடையில் ஏறிக் கையைக் காலைத் தூக்கி மேளம் அடிப்பதை என் தம்பி பார்த்தால் என்ன சொல்வான், தம்பி பெண்டாட்டி என்ன சொல்வாள் என்று. ஸ்டுடியோப் பாட்டில் இந்தப் பேச்சு இல்லை. எடுத்துவிட்டார்கள். சரிதான், பாட்டுக்கு எதற்குப் பேச்சு. அம்பு ஒட்ட ஒன்றும் இல்லை அதில்.

ரெண்டு, ரெண்டு, மூணு. ஏழு. மறுபடி ரெண்டு, ரெண்டு, மூணு. பனியனுக்குக் கை ஏற்றும்போது என் கால் அப்படித்தான் மிதிக்கும். அக்குளிலிருந்து கொஞ்சம், நிறுத்தித் துணியைத் திருப்பிக் கொஞ்சம், அப்புறம் தோளைச் சுற்றி ஒரே ஓட்டமாக நீளமாக. ரெண்டு, ரெண்டு, மூணு. மிஷினுக்கு அடியில் வெட்டி விழுகிற துணிக் கழிவு மேல்தான் கைக்குழந்தையாக அவளைப் போட்டிருப்பேன், நெருப்பு மாதிரி சுடுகிற மோட்டாரிலிருந்து ஒரு முழம் தள்ளி. தூங்கமாட்டாள். மிஷின் நின்றால் அழுவாள். நடக்க ஆரம்பித்த பிறகு காலி நூல் கோன் இரண்டை எடுத்து வைத்துக்கொண்டு தரையில் தட்டுவாள், நான் மிதிக்க மிதிக்க, நான் நிறுத்தினால் நிறுத்துவாள், சில சமயம் நான் வேண்டுமென்றே நடுவில் நிறுத்துவேன், அவள் கை ஆகாயத்தில் நிற்கும், இரண்டு பேரும் சிரிப்போம். அதை எப்படி மறந்தேன். ஆஸ்டின் மைக்கில் சொல்லும்வரை எனக்கு ஞாபகமே இல்லை. என் காலில் இருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், நான் கேட்காமலே, நான் கொடுக்காமலே, அதை வைத்து ஊரே கத்துகிற மாதிரி ஒரு பாட்டுச் செய்திருக்கிறாள். நான் என்ன செய்தேன். சரி, அதை அப்புறம் நினைக்கலாம். முதலில் இரண்டாவது பாட்டு.

இரண்டாவதில் இருமல் கிடையாது. சோக் இரைச்சல் கிடையாது. கிட்டார் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கிறது, அயர்ன் போட்டுப் பிரித்து அடுக்கின மாதிரி. அந்தப் பையன் ஒரே அளவாக அடிக்கிறான், அங்குலத்துக்குப் பதினோரு தையல் என்றால் பதினோரு தையல்தான், கூட்டவும் மாட்டான், குறைக்கவும் மாட்டான். ஜீவிதா அப்படி இல்லை, உற்சாகம் வந்தால் ஓடிவிடுவாள், மூன்றாவது நிமிஷத்தில் ஓடுகிறாள், கிட்டார்க்காரர்கள் பின்னாலேயே ஓட வேண்டியிருக்கிறது. பீஸ் என்று பார்த்தால் அவளுடையதில் நான் பத்து அம்பு ஒட்டுவேன். நடுவில் எல்லாம் அடங்கி ஒற்றைக் கிட்டார் மட்டும் அழுகிற இடத்தில் அவள் தகரத் தட்டின் ஓரத்தைக் குச்சியால் தடவிக்கொண்டே இருக்கிறாள், இரண்டு நிமிஷம், முடிக்க மனசில்லாமல். பையன் ஒரு நிமிஷத்தில் முடித்துவிடுகிறான். அதுதான் சரி. யார் கேட்பார்கள் இரண்டு நிமிஷம். சரி என்று நான் சொல்லும்போதே நெஞ்சுக்குள் ஏதோ, இல்லை, நெஞ்சு என்று சொல்லக்கூடாது. அந்த வார்த்தையை இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்லக்கூடாது.

இரண்டு வருஷம் முன்னால், அன்றைக்கு விடிகாலை அஞ்சரை மணி. சென்னை ரயிலுக்கு ஆட்டோ சொல்லியாகிவிட்டது. ஒன்பது நாள் ரெக்கார்டிங். நாலு பையன்கள், இவள் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள், தம்பி கொண்டுவந்த இடம், அவளிடம் நான் அதைச் சொல்லக்கூட இல்லை. குச்சிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, “ம்மா, தோசை மாவு ரெண்டு நாளைக்கு வரும், அப்பறம் நீயே அரைச்சுக்கோ” என்றாள். சந்தோஷமாக இருந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் நான் பார்த்ததில்லை, அது என்னால் வந்த வெளிச்சம் இல்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்பது ஒரு காரணம், தம்பி ஒரு காரணம். ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு அதெல்லாம் நினைப்பில் இல்லை. இவள் போனால் திரும்பி வரமாட்டாள் என்று மட்டும் தெரிந்தது. வந்தாலும் வேறு ஆளாக வருவாள், நான் வெறும் வீட்டில் ரேடியோவைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். அப்போதுதான் கை தானாக மேலே போனது. தானாக என்பதும் பொய். பாக்கியம் எப்படிச் செய்தாளோ அப்படிச் செய்தேன். அதற்கு ஆறு மாதம் முன்னால் செக்கிங் டேபிளில் என் எதிரில் உட்கார்ந்திருந்த பாக்கியம் இடது கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு, “பல்லு வலிக்குதக்கா” என்றாள், நான் கிராம்பு கொடுத்தேன், கடித்துக்கொண்டே ஒரு பீஸ் பார்த்தாள், அப்புறம் முதுகை வளைத்துத் தோளைக் குறுக்கி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். கம்பெனி வேனிலேயே போய்விட்டது உயிர், மாரடைப்பு என்றார்கள். அந்தத் தாடை, அந்தக் கை, அந்தத் தோள், சாம்பிளைப் பார்த்துப் பீஸ் தைக்கிற மாதிரி ஒன்று விடாமல் செய்தேன். செத்தவளிடமிருந்து திருடிச் செய்தேன். ஜீவிதா குச்சிப் பையைக் கீழே போட்ட சத்தம் இன்னும் கேட்கிறது. ரயிலுக்கு வந்த ஆட்டோதான் ஆஸ்பத்திரிக்குப் போனது.

ஈசிஜியில் ஒன்றும் இல்லை. டாக்டர், “வாயுவா இருக்கலாம், இருந்தாலும் இந்த வயசுல கவனமா இருக்கணும்” என்றார். அந்த ‘இருந்தாலும்’ போதும் அவளுக்கு. பையன்கள் இரண்டு நாள் காத்திருந்தார்கள், மூன்றாம் நாள் பெங்களூரிலிருந்து ஆளைக் கூப்பிட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் நெஞ்சு வலிக்காரி வீடு என்று தெரிந்ததும் வரவே இல்லை, அதற்காக எனக்கு நானே சிரித்துக்கொள்ளலாம். ஜீவிதா இங்கேயே ஒரு எக்ஸ்போர்ட் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டில் அப்பளம் பொரிப்பது நின்றது, ஊறுகாய் நின்றது, அவளுக்கு உயிரான வறுத்த மீன் நின்றது, நான் சாப்பிட முடியாததை அவளும் சாப்பிடமாட்டாளாம். தினமும் எட்டரை மணிக்கு அவள் போன் அடிக்கும், “ம்மா, மாத்திர.” சின்ன வெள்ளை மாத்திரை. அதைக் கொஞ்ச நாள் துப்பிப் பார்த்தேன், அப்புறம் முழுங்க ஆரம்பித்தேன், தண்டனை என்று வைத்துக்கொண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை லீவு போட்டு இங்கே கூட்டிவருகிறாள். இது ஐந்தாவது தடவை. ஒவ்வொரு தடவையும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவர்கள் சொல்லும்போது அவள் மூச்சு விடுவாள், நான் தலையைக் குனிந்துகொள்வேன், பக்திமான் மாதிரி.

முந்தாநாள் ஆஸ்டின் போன் செய்தான். “ஆன்ட்டி, உடம்பு எப்படி இருக்குங்க” என்றுதான் ஆரம்பித்தான். பெங்களூர்ப் பையன் வெளிநாடு போய்விட்டானாம். அடுத்த மாதம் ஆறு ஊரில் மேடை இருக்கிறதாம், மூன்று வாரம். “ஜீவி இல்லாம இந்தப் பாட்டு சும்மா மிஷின் மாதிரி இருக்குது ஆன்ட்டி. ரெண்டையும் அனுப்பறேன், நீங்களே கேளுங்க. கூப்பிட்டா, அம்மாவ விட்டுட்டு வரமுடியாதுங்கறா. வெள்ளிக்கிழம சாயங்காலத்துக்குள்ள சொல்லலீன்னா வேற ஆளப் போட்டுருவாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பா.” சொல்கிறேன் கண்ணு என்றேன். சொல்லவில்லை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. உடம்பு இப்போது பரவாயில்லை, நீ போய்விட்டு வா என்று சொல்லிப் பார்க்கலாம். போகமாட்டாள். வலி வந்த அம்மா பரவாயில்லை என்றுதான் சொல்வாள், எந்தப் பெண் அதை நம்புவாள். பொய்யை அப்படியே வைத்துக்கொண்டு அவளை அனுப்ப ஒரு வழி இருக்கிறதா என்று இரண்டு நாளாக எல்லாப் பக்கமும் பிரட்டிப் பார்த்தாகிவிட்டது. அதனால்தான் இரண்டாவது பாட்டு நன்றாக இருந்தால் போதும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பாட்டுக்கு அவள் தேவையில்லை என்று தெரிந்தால் நான் யாரிடமும் எதையும் பறிக்கவில்லை என்று ஆகிவிடும்.

முப்பத்தாறு என்று கூப்பிட்டார்கள். அந்த இடம் வருகிறது. இந்த இடத்துக்குத்தான் ஒன்பது தடவையும் வந்து நின்றேன். மேடைப் பாட்டில் ஏழாவது நிமிஷத்தில் ஜீவிதாவின் வலது கைக் குச்சி நழுவி விழுகிறது. தெளிவாகக் கேட்கிறது, கட்டை பலகையில் விழுந்து இரண்டு தடவை துள்ளுகிறது. அப்புறம் இடது கையும் காலும் மட்டும். கிட்டார்கள் என்ன செய்வது என்று தெரியாமல் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. எண்ணினேன், பதினோரு அடி. பதினோரு அடி ஒற்றைக் கையால் அந்தக் கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள், கூட்டத்தில் யாரோ சிரிக்கிறார்கள், அப்புறம் வேறு குச்சி கைக்கு வந்துவிட்டது, அடி விழுகிறது பார், அதுவரை அடித்தது எல்லாம் சும்மா என்கிற மாதிரி. பீஸாக இருந்தால் இதற்குப் பெரிய அம்பு. சரி. ஸ்டுடியோப் பாட்டில் ஏழாவது நிமிஷத்துக்கு முன்னாலேயே, அங்கே ஒரு நிமிஷம் குறைத்துவிட்டதால், அதே இடம். குச்சி விழுகிற சத்தம் இல்லை. ஆனால் திடீரென்று இடது கையும் காலும் மட்டும். கிட்டார் ஒரே கம்பியில். பதினோரு அடி. நான் மூன்று தடவை எண்ணினேன், பதினொன்றுதான். அப்புறம் பெரிய அடி. அந்தப் பையனுக்கு எந்தக் குச்சியும் நழுவவில்லை. இவள் தப்பைப் பாட்டு என்று வைத்துக்கொண்டு அவன் கற்றுக்கொண்டு வாசித்திருக்கிறான்.

கம்பெனியில் ஒரு தடவை இப்படி ஆயிற்று. நீல நிறக் காலர் பனியன். சாம்பிள் தைத்த டெய்லருக்குக் கடைசியில் நீல நூல் தீர்ந்துபோக, கழுத்துக்கு உள்பக்கம் கடைசி இரண்டு அங்குலத்தை வெள்ளை நூலில் முடித்துவிட்டான், உள்ளேதானே யார் பார்க்கப் போகிறார்கள் என்று. பையர் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டான். மேனேஜர் பயந்தாங்கொள்ளி. “சாம்பிள்ல எப்படியோ அப்படி” என்றுவிட்டார். பன்னிரண்டாயிரம் பீஸுக்கும் கடைசி இரண்டு அங்குலம் வெள்ளை நூல், ஒவ்வொரு கழுத்துக்கும் நூல் மாற்றி நூல் மாற்றி டெய்லர்கள் அந்தச் சாம்பிள்காரனைத் திட்டாத திட்டு இல்லை. அதில் யாரோ ஒரு பெண் தெரியாமல் முழுசும் நீலத்தில் சரியாகத் தைத்து அனுப்பினாள். அந்தப் பீஸுக்கு நான் அம்பு ஒட்டினேன். சரியாகத் தைத்ததற்கு. எல்லோரும் சிரித்தோம். அதில் சிரிக்க என்ன இருந்தது. முதலில் ஒருவர் செய்த தப்பில் கையெழுத்து விழுந்துவிட்டால் அப்புறம் அதுதான் அளவு. அஞ்சரை மணிக்கு வாசலில் நான் தாடையைப் பிடித்தேன், ஜீவிதா அதில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அதிலிருந்து அப்பளம் இல்லாத சாப்பாடு, எட்டரை மணி போன், எக்ஸ்போர்ட் ஆபீஸ், பச்சை நாற்காலி, எல்லாம் அதைப் பார்த்துத் தைத்ததுதான், ஒரு தையல் பிசகாமல். நன்றாகத்தான் வாசித்திருக்கிறான் அந்தப் பையன். ஆனால் அவன் கையில் குச்சி இருக்கிறது. இருந்தும் அடிக்காமல் நிற்கிறான். அவள் கையில் இல்லை. அதுதான் இரண்டுக்கும் வித்தியாசம், வேறு ஒன்றும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து தடவை ஆயிற்று.

“ஜெராக்ஸ் மிஷின் பேப்பர முழுங்கிருச்சும்மா, அதான் லேட்டு. தண்ணி குடிச்சியா?” ஜீவிதா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஃபைலை மடியில் வைத்தாள். அவள் விரல் எங்கே உட்கார்ந்தாலும் சும்மா இருக்காது, ஃபைல் அட்டையில் தட்ட ஆரம்பித்துவிட்டது. ரெண்டு, ரெண்டு, மூணு. பக்கத்து அம்மாள், “உங்கம்மா பாட்டு கேக்குதே, அதையக் கேட்டயா சாமி” என்று போட்டுக்கொடுத்தாள். முப்பத்தேழு கூப்பிட்டுவிட்டார்கள், வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

ஜீவிதா என் போனைப் பார்த்தாள். “இது உங்கிட்ட எப்படி வந்துச்சு?”

“ஆஸ்டின் அனுப்புனான்.”

“அவனுக்கு வேற வேலயில்ல.” ஃபைலை மடியில் நேராக வைத்தாள். அப்புறம், “எது கேட்ட?”

“ரெண்டும். அந்தப் பையன் நல்லா வாசிக்கறான் கண்ணு.”

“செமயா வாசிச்சிருக்கான். நானெல்லாம் கிட்ட நிக்க முடியாது.” அவள் அதை உண்மையாகத்தான் சொன்னாள். “ஆனா ஒண்ணு பாத்தியா, எனக்குக் குச்சி நழுவுன எடத்தையும் அப்படியே வெச்சிருக்கானுங்க, லூசுப்பசங்க. அத அவன் ஸ்டைல்னு நெனச்சு இப்ப ஊர்ல நாலு பேரு அதப் பாத்து வாசிக்கறாங்களாம்.” சிரித்தாள். விரல் நிற்கவில்லை. “விடு, உன் டோக்கன்தான் அடுத்து. சட்டை பின்னு எல்லாம் கழட்டி வெச்சுக்கோ. பயப்படாத.”

பயப்படாதே என்கிறாள். எப்போதும் சொல்வதுதான். அவள் கையைப் பார்த்தேன். கட்டை விரலுக்குப் பக்கத்தில் குச்சி பிடித்த காய்ப்பு இருந்த இடம், மெத்தென்று ஆகிவிட்டிருக்கிறது, கீபோர்டு தட்டுகிற கை. நான் வாயைத் திறந்தேன், வேறு ஏதாவது வந்துவிடும் என்று நினைத்தேன், தாகம், பசி, ஏதாவது.

“எனக்கு வலிக்கல ஜீவி.”

“சரி, நல்லதுதானே. போன தடவையும் இல்லீன்னுதான் சொன்ன.”

“இன்னைக்கு இல்ல. அன்னைக்கு. நீ குச்சிப் பை மாட்டிட்டு நின்னயே, அன்னைக்கு எனக்கு வலிக்கல. பாக்கியம் பண்ணுனாப்பல பண்ணுனேன்.”

அவள் என் பக்கம் திரும்பவில்லை. எதிர்ச் சுவரில் இருதயப் படம் ஒன்று இருக்கிறது, சிவப்பும் நீலமும், அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபைல் மேல் விரல் நின்றுவிட்டது. ரெண்டு, ரெண்டு, அதோடு நின்றுவிட்டது, மூணு வரவில்லை. எனக்குத் தெரிந்தது எண்ணுவது ஒன்றுதான். எண்ணினேன். ஐந்து. எக்கோ ரூம் கதவு திறந்து மூடியது. எட்டு. பதினொன்று. பாட்டில் இங்கே யாரோ சிரிப்பார்கள், அப்புறம் பெரிய அடி விழும். பன்னிரண்டு, பதிமூன்று. நான் குச்சியை எடுத்துக் கொடுக்கிற இடத்தில் இல்லை. இருபதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

“சாந்தாமணி, முப்பத்தெட்டு” என்றாள் நர்ஸ். எப்போதும் இந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு முன்னால் எழுந்து என் முழங்கையைப் பிடிப்பது ஜீவிதாதான். இப்போது எழவில்லை. “சாந்தாமணி யாருங்க, வரலீங்களா?” நான் எழுந்தேன். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றேன்.

“டோக்கனத் திருப்பிக் குடுத்துட்டு வா” என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டே. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

கவுண்டரில் கொடுத்தேன். என்னாச்சு என்று கேட்டார்கள், ஒன்றும் இல்லை என்றேன், இரண்டு வருஷத்தில் இந்த ஆஸ்பத்திரிக்காரர்களிடம் நான் சொன்ன முதல் உண்மை அது. திரும்பிப் பார்த்தபோது நாற்காலியில் ஃபைல் மட்டும் இருந்தது. ஜீவிதா கண்ணாடிக் கதவுக்கு வெளியே வராந்தா வெயிலில் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள், போன் காதில். என்ன பேசுகிறாள் என்று கேட்கவில்லை, அழுகிறாளா என்று முதுகில் தெரியவில்லை. இடது கை தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. ஃபைலை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு அந்தத் தட்டலை எண்ணிப் பார்த்தேன். ரெண்டு, ரெண்டு என்று ஆரம்பித்தேன், இடறியது. மூன்றில் ஆரம்பித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த எந்தக் கணக்கிலும் அது விழவில்லை.